வலது காதில் நிசப்தம்

அந்தத் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். ஆனால் டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் நோயாளிகள் உறுப்பின் பெயரையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள். கண் சோதிப்பவருக்குக் கண்ணாடிக்காரர் என்ற சிறு கௌரவமாவது மிஞ்சுகிறது. இவருக்கு அதுவும் இல்லை.

காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி ஒன்றின் மாடியில் அவருக்கு வேலை. அங்கே ஓர் அறைக்குள் இன்னோர் அறை இருந்தது. உள்ளறையைப் பெட்டி என்பார்கள். கனத்த கதவு, சுவரெங்கும் துளை போட்ட பலகை, ஒரு நாற்காலி, இரட்டைக் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல். உள்ளே உட்காருபவர் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். கையில் ஒரு பட்டன். வெளியே கருவியின் முன் உட்கார்ந்து காதுக்காரர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார். ஒலி கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே ஒரு சின்ன விளக்கு எரியும். விளக்கு எரியாமல் போகிற இடத்தில் அவருடைய காது முடிகிறது என்று பொருள்.

காதுக்காரர் தமிழ் முதுகலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு, காது சோதிக்கும் பட்டயப் படிப்பில் சேர்ந்தவர். ஏன் என்று கேட்டால், "அங்க சொல் இருந்துச்சு, சோறு இல்ல" என்பார். ஆனால் சொல்லை அவர் விட்டாரே தவிர, சொல் அவரை விடவில்லை. வீட்டில் அட்டை போன பேரகராதி ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தது. காலையில் மனிதர்களின் காதையும் மாலையில் சொற்களின் பூர்வீகத்தையும் சோதித்துப் பார்ப்பது அவருடைய வாழ்க்கை முறை.

பெட்டியின் கதவில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை தொங்கியது. அது அவருக்குப் பிடிக்காது. அமைதி என்பது 'அமை' என்ற வேரிலிருந்து வருகிறது. ஒரு பொருள் தனக்குரிய இடத்தில் பொருந்தி உட்கார்ந்துவிட்டால் அமைதி. சத்தத்துக்கு நடுவிலும் அது சாத்தியம். சமையலறையில் பாத்திரம் உருளும்போதே நன்றாகத் தூங்குகிறவர்கள் இல்லையா? பெட்டிக்குள் வேண்டியது நிசப்தம்: வடமொழி சப்தத்துக்கு முன்னால் 'இல்லை' என்று ஓர் ஒட்டுப் போட்டது. அதில் மனிதனுக்கு வேலையே கிடையாது. பலகையும் பஞ்சும் போதும். மௌனமோ முனிவனின் நிலை. பேசத் தெரிந்தவன் பேசாமல் இருப்பது. ஆகவே சுவர் மௌனம் காக்க முடியாது. இதையெல்லாம் அவர் வரவேற்பில் டோக்கன் கொடுக்கும் அக்காவிடம் விளக்கினார். டோக்கன் அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க இப்ப எதைக் காக்கறீங்கண்ணா? வெளிய பதினோரு பேரு உக்காந்திருக்காங்க" என்றார்.

பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உள்ள எப்படி இருந்துச்சு?" சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; பதில்களைத் தன் சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்வார். சிலர் "கம்முனு இருந்துச்சு" என்பார்கள். "நிம்மதியா இருந்துச்சு" என்ற இல்லத்தரசிகள் அநேகம். நிம்மதி பக்கத்து மொழியிலிருந்து வந்து குடியேறிய சொல்லாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம்; சொந்த வீட்டில் கிடைக்காததால் வெளியிலிருந்து தருவித்தோம் போலிருக்கிறது என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

நிசப்தத்தை இவ்வளவு ரசித்த மனிதரிடம் அது ஒருநாள் தானாகவே வந்து சேர்ந்தது.

தினமும் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன்னால், சோதிப்பவர் தன் காதிலேயே ஹெட்போனை மாட்டிக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தொழிலின் வழக்கம் அது. நேற்றுக் கேட்ட மெல்லிய ஒலி இன்றும் கேட்கிறதா? கேட்டால் கடையைத் திறக்கலாம். ஒரு மழைக்காலக் காலையில் இடது காதில் கேட்டது, வலது காதில் கேட்கவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். கேட்கவில்லை. இன்னும் கூட்டிய பிறகு, பக்கத்து வீட்டில் யாரோ விசிலடிப்பதுபோல் எங்கோ கேட்டது.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கருவி. இன்னொன்று, காது. எது என்று தெரிந்துகொள்ள வழியும் எளிது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் போதும். சிவப்பை இடது காதிலும் நீலத்தை வலது காதிலும் வைத்துக் கேட்டால், குறை சிவப்போடு இடது பக்கம் வந்தால் கருவியில் கோளாறு. வலது காதிலேயே தங்கிவிட்டால் காதில் கோளாறு. ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல். காதுக்காரருடைய அப்பாவுக்கு இவருடைய வயதில்தான் காது போனது. முதலில் போனது வலது காது. அப்புறம் இடது. கடைசிக் காலத்தில் அவர் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருப்பார். அதைச் சாந்தம் என்று உறவுக்காரர்கள் புகழ்ந்தார்கள். சாந்தம் என்ற சொல்லுக்கு மூலமான வடமொழி வேருக்கு அணைவது, ஓய்வது என்றும் பொருள் உண்டு, எரிந்த நெருப்பு அணைவதைப்போல. அந்தப் பொருளை அகராதியில் பார்த்த அன்று அவர் புத்தகத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். காது கேட்காத காது சோதனையாளரை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்?

ஆகவே அவர் ஹெட்போனைத் திருப்பி மாட்டவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். மறுநாளும் நாளைக்கு என்றார். வாளாவிருத்தல் என்று ஒரு பழைய சொல் உண்டு. வாளா என்றால் பேசாமல் என்று பொருள். பயனில்லாமல் என்றும் பொருள். அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும் ஒருசேர அவர் குடியிருந்தார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்பவர். எந்தப் பேருந்து எந்த மேடையில் என்று நாளெல்லாம் ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தொண்டையைக் காப்பாற்ற மெல்லிய குரலில் பேசுவார். இவ்வளவு காலம் அது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. இப்போது அவர் ஏதாவது சொன்னால் காதுக்காரர் "ஆங்?" என்றார்.

"தண்ணி வரலன்னு சொன்னேன்."

"ஆங்?"

"என்னங்க இது? பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசினா நாலு தெரு தள்ளி நாய் எந்திரிச்சு உக்காருது. எதிர்ல நின்னு பேசறேன், நீங்க ஆங் போடறீங்க."

"வேற யோசனைல இருந்தேன்."

"எந்த யோசனை? நேத்து ராத்திரி சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொன்னேன், அதுக்கும் ஆங். உப்பு இல்லாததாவது தெரிஞ்சுச்சா?"

உண்மையில் அவருக்குக் கேட்டது. ஆனால் கேட்கிறதா என்று கவனிப்பதிலேயே காது மும்முரமாக இருந்ததால், சொன்னது என்ன என்பது நழுவிப்போயிற்று. மனைவிக்கு இது தெரியாது. அவரே அறியாததை மனைவி எப்படி அறிவார்? தெருவில் நடக்கும்போது அவர் வலது பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக்கொண்டார். வலது காதை விரலால் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். மின்விசிறியின் சத்தம் நேற்றைவிடக் குறைந்துவிட்டதாகத் தோன்றியது. விசிறியின் வேகத்தையே மனைவி குறைத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலோ விநோதமான ஒரு நிலைமை உருவாகியிருந்தது. வருகிற நோயாளிகளில் பலருக்கு வலது காது மட்டும் மந்தமாக இருந்தது. காதுக்காரர் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும், கருவியைச் சந்தேகித்தால் திருப்பி மாட்ட வேண்டும், திருப்பி மாட்டினால் தன் காது தெரிந்துவிடும். அதனால் கவனிப்பதை முதல் படியிலேயே நிறுத்திக்கொண்டார். கவனித்தது டாக்டரம்மா. ஆஸ்பத்திரி அவருடையது.

"என்ன, இந்த சீசன்ல எல்லாருக்கும் வலது காதா?" என்று ஒருநாள் கேட்டார்.

காதுக்காரருக்குக் கையும் காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "போன் மேடம். எல்லாரும் வலது காதுலதான் வச்சுப் பேசறாங்க."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. அடுத்த வாரமே டாக்டரம்மா மருத்துவர்கள் கூட்டமொன்றில் 'கைபேசியும் வலது காதும்' என்ற தலைப்பில் பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டார். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொள்ள நினைத்த விஷயம் மேடை ஏறப் போயிற்று.

நோயாளிகள் தங்கள் வலது காது பற்றிய செய்தியைப் பலவிதமாக எடுத்துக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் கருவியோடு சண்டை போட்டார். மரக்கடைக்காரர் ஒருவர் மட்டும், "வலது காது கொஞ்சம் மந்தம்" என்று கேட்டதும், நெடுநாள் காத்திருந்த பதவி உயர்வு வந்ததுபோல் எழுந்து கை குலுக்கிவிட்டுப் போனார். காதுக்காரருக்கு அதுவும் உறுத்தலாகவே இருந்தது.

இந்த நிலையில்தான் பேருந்து ஓட்டுநர் வந்தார். வருடாந்திர உடல் தகுதிச் சோதனை. கனத்த மனிதர், கனத்த மீசை, நாற்காலி நிறைய உட்கார்ந்தார்.

"சீக்கிரம் முடிங்க சார், மதியம் டூட்டி. காதெல்லாம் எனக்குப் பாம்புக் காது. வண்டியில கடைசி சீட்டுல ஒருத்தன் டிக்கெட் எடுக்காம மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"உங்க வீட்டம்மா குரலைக் கேட்டுதான் தினம் வண்டியை எடுக்கறேன். 'புறப்படத் தயாராக உள்ளது'ன்னு அவங்க சொன்னா இன்ஜினே தானா ஸ்டார்ட் ஆகும். அந்தம்மாவைக் கட்டிக்கிட்டு உங்க காது நல்லா இருக்கே, அதைச் சொல்லணும்."

காதுக்காரர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

இடது காது பிரமாதம். ஒலியைக் குறைக்கக் குறைக்க விளக்கு எரிந்துகொண்டே வந்தது. உண்மையிலேயே பாம்புக் காது. பிறகு வலது. விளக்கு எரியவில்லை. கூட்டினார். எரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஓட்டுநர் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, கட்டைவிரலைப் பட்டனுக்கு மேல் வைத்தபடி காத்திருந்தார். வராத பயணிக்காக வண்டியை நிறுத்தி வைத்திருப்பவரின் முகம். கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தில் ஏதோ மாறியது. உள்ளே அவருக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்தபோது மீசைகூடச் சற்று இறங்கியிருந்தது. காதுக்காரரின் வாய் பழக்கத்தில் தானாகவே கேட்டுவிட்டது. "உள்ள எப்படி இருந்துச்சு?"

ஓட்டுநர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓடிட்டிருக்கற வண்டில திடீர்னு இன்ஜின் ஆஃப் ஆகும் பாருங்க, அப்ப ஒரு சத்தமில்லாத சத்தம் வருமே, அப்படி. வண்டில நாப்பது பேரு. பின்னாடி லாரி."

காதுக்காரருடைய பட்டியலில் இப்படி ஒரு சொல் இல்லை.

"வலது பக்கம் வரலல்ல சார்?" என்றார் ஓட்டுநர். "இதை எழுதிக் குடுத்தீங்கன்னா ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு டிப்போல டயரை எண்ண விட்டுருவாங்க. வலது பக்கம்தானே ஓவர்டேக் பண்றவன் வருவான். அவனைக் கேக்க முடியாதுன்னா நானே ஓட்ட மாட்டேன், அது வேற. ஆனா எனக்குக் கேக்குது சார். காலைலகூடக் கேட்டுச்சு."

காதுக்காரர் சோதனைத்தாளை எடுத்தார், வைத்தார். பேனாவை எடுத்தார். வலது என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. தனக்காக ஒரு நொடி செலவழிக்கப் பயந்த மனிதர் அவர். ஆனால் இப்போது எழுதினால், அந்த ஒரு நொடியைச் செலவழிக்காததற்கு இந்த மனிதர் தன் ஸ்டியரிங்கைக் கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்டால், உண்மையிலேயே கேட்காத ஒருவரை நாற்பது பேரோடு சாலையில் அனுப்ப வேண்டும்.

"இன்னொரு தடவை உக்காருங்க" என்றார்.

அவரே உள்ளே போய் ஹெட்போனை எடுத்தார். சிவப்பை ஓட்டுநரின் இடது காதில் வைத்தார். நீலத்தை வலது காதில்.

"தலைகீழா மாட்டறீங்களே?"

"ஆமா. தெரிஞ்சேதான் மாட்டறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. இப்போது நீலத்தின் வழியாக அனுப்பும் ஒலி ஓட்டுநரின் வலது காதுக்குப் போகும். விளக்கு எரிந்தால் ஓட்டுநரின் காது நல்ல காது, கருவிதான் கெட்டது, தன் காதும் பிழைத்தது. எரியாவிட்டால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் இந்தக் கண்ணாடிக்கு இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு செவிட்டுக் காது. அந்நியர் ஒருவரின் கட்டைவிரலில் தன் மீதி வாழ்க்கையும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஒலியைக் குறைத்தபடியே வைத்து, விசையை அழுத்தினார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஒலி உள்ளே இருந்தது. ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது.

இன்னும் குறைத்தார். எரிந்தது. அடிமட்டம்வரை போனார். எரிந்தது. பிறகு சிவப்பின் வழியாக, பாம்புக் காதான இடது காதுக்கு அனுப்பினார். எரியவில்லை. ஓட்டுநர் குழப்பத்தோடு கண்ணைத் திறந்து, ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். சிவப்புப் பக்கத்து ஒயர் ஹெட்போனோடு சேரும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது. தட்டியதில் ஒருமுறை விளக்கு எரிந்து அணைந்தது.

காதுக்காரர் கதவைத் திறந்தார். ஹெட்போனைத் தானே கழற்றி வாங்கிக்கொண்டார்.

"என்ன சார், ரொம்ப மோசமா?" என்றார் ஓட்டுநர்.

"உங்க காது நல்லா இருக்கு. மிஷின்தான் செவிடு."

"அதுக்கு ஏன் நீங்க அழறீங்க?"

அவர் அழவில்லை என்று சொன்னார். ஓட்டுநர் அதை நம்பவில்லை என்றாலும் மதியம் டூட்டி இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு வந்த காதுக்காரரைப் பார்த்து டோக்கன் அக்கா, மூக்குக்கும் ஒரு டோக்கன் போடட்டுமா என்று கேட்டார்.

ஆறுதல் என்ற சொல் சூடு ஆறுவதிலிருந்து வந்தது. பால் ஆறுவது, புண் ஆறுவது. எதுவும் சட்டென்று ஆறாது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காதுக்காரரின் ஆறுதல் டாக்டரம்மாவின் அறை வாசல் வரைக்கும்கூட நிற்கவில்லை. உள்ளே டாக்டரம்மா தன் உரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"மேடம், வலது பக்க ஹெட்போன் ஒயர் போயிருக்கு."

"மாத்திடுங்க."

"ரொம்ப நாளா போயிருக்கு மேடம். மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

டாக்டரம்மாவின் விரல்கள் நின்றன. "காலைல தினம் செக் பண்றீங்களே?"

"பண்ணேன். கேக்கல. என் காதுதான் போச்சுன்னு நெனச்சுட்டேன்."

"ஓ. உங்க காது போச்சுன்னு நெனச்சுக்கிட்டே இத்தனை பேரை டெஸ்ட் பண்ணீங்க?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து. டாக்டரம்மா அதற்குமேல் பேசவில்லை. பேசத் தெரிந்தவர் பேசாமல் இருப்பது மௌனம் என்ற இலக்கணத்தை அவர் முதல்முறையாக எதிரே உட்கார்ந்து அனுபவித்தார். அதில் முனிவர் யாரும் இல்லை. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், பிறகு ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருந்தார். 'கைபேசியும் வலது காதும்' பின்னாலிருந்து எழுத்து எழுத்தாக அழிந்துகொண்டு போயிற்று.

"வேலைய விட்டுப் போகச் சொன்னா நீங்க தப்பிச்சிருவீங்க" என்றார் கடைசியில். "இங்கேயே உக்காருங்க. என் முன்னாடி. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணித் திரும்ப வரச் சொல்லுங்க. உங்க தப்புன்னு நீங்களே சொல்லணும்."

அவர் போன் செய்யத் தொடங்கினார். வலது காதில் வைத்து. சிலர் திட்டினார்கள், துல்லியமாகக் கேட்டது. ஒரு பெண்மணி "சாமி, கேக்குமா அப்ப?" என்று கேட்டுவிட்டு விசும்பியபோது அவர் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மரக்கடைக்காரரின் முறை வந்தது.

"உங்க வலது காது அநேகமா நல்லாத்தான் இருக்கும் சார். தப்பு எங்களுது. ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "சார், நீங்க இப்ப எங்கேர்ந்து பேசறீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

காதுக்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"இந்தக் காது போனதுலேர்ந்து எங்க வீடே மாறிப்போச்சு சார். கூட இருக்கற மச்சான் இப்பல்லாம் கத்தறது இல்ல. அவரு வாயைத் திறந்தா நான் வலது பக்கம் திரும்பிக்கறேன். எனக்கு யாராவது ஏதாவது சொல்லணும்னா எந்திரிச்சு இடது பக்கம் வரணும். அதனால நெனச்சுப் பார்த்து, சுருக்கமா, நல்ல வார்த்தையா பேசறாங்க. கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷத்துல இப்பதான் நிம்மதின்னா என்னன்னு பாக்கறேன். தயவுசெஞ்சு வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிடாதீங்க."

"வந்துதான் ஆகணும் சார்."

"பத்து நாள் கழிச்சுக் குணமானா போதாதா?"

டாக்டரம்மா நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று சைகையில் கேட்டார். காதுக்காரர் போனைக் கையால் மூடிக்கொண்டார். இந்த ஆஸ்பத்திரியில் இனி ஒரு காதைப் பற்றியும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை என்று சற்று முன்புதான் முடிவு செய்திருந்தார். "நாளைக்குக் காலைல வாங்க" என்று போனில் சொன்னார். மறுமுனை அணைந்த விதத்திலிருந்து அந்த மனிதரின் சாந்தமும் அணைந்துவிட்டது என்று தெரிந்தது.

மறுநாள் காலை, புது ஹெட்போன். டாக்டரம்மாவின் உத்தரவுப்படி டோக்கன் அக்கா சாட்சிக்கு நின்றார். காதுக்காரர் மாட்டிக்கொண்டு கேட்டார். இடதில் கேட்டது. வலதில் கேட்டது. திருப்பி மாட்டினார். இரண்டிலும் கேட்டது.

"சரிதானேண்ணா? ஆளுங்களை அனுப்பட்டுமா? முதல்ல அந்த மரக்கடைக்காரர்தான் உக்காந்திருக்காரு, எழவு விழுந்த மாதிரி."

"ஒரு நிமிஷம்" என்றார் அவர். வலதில் சற்றுக் குறைவாகக் கேட்டதுபோல் இருந்தது. மறுபடியும் திருப்பி மாட்டினார்.